விலகிப்போன வெளிச்சம்

வலது தோளில் ஆயிரம் வாட்ஸ் விளக்கு, காதோரம் சுடுகிறது, கல்யாண மேடையில் அய்யம்பெருமாள் மாமா மூத்த மகளின் நெற்றியில் திருநீறு பூசக் கையைத் தூக்குகிறார், அந்த நேரம் பார்த்துக் கீழே பன்னீர்ச் செம்போடு போகிறாள் இளையவள் பேச்சிக்கனி, என் தோள் என்னைக் கேட்காமலே திரும்புகிறது, வெளிச்சம் முழுக்க அவள்மேல், மேடை இருட்டு, லேய், வெளக்க எங்கல காட்டுத, மாப்பிள்ள இங்கல்லா நிக்கான் என்று வீடியோக்காரர் கத்துகிறார், நான் திருப்புவதற்குள் மாமா பூசி முடித்து இறங்கிவிட்டார், உப்பளத்தில் வேலையில்லாத மழைக்காலத்தில் விளக்குப் பிடிக்கப் போனவன் நான், அடுத்த மாதமே மாமா பாத்தி வரப்பில் விழுந்து போய்ச்சேர்ந்தார், போட்டோ ஒன்றுகூட எடுத்துக்கொள்ளாத மனிதர், மறுவருஷம் பேச்சிக்கனி எனக்கு வாக்கப்பட்டாள், சண்டை வந்தால் போதும், எங்க அய்யா இருந்திருந்தா ஒங்களுக்கு என்னயக் குடுத்திருப்பாரா என்பாள், அவர் வருகிற இடம் மட்டும் கல்யாண வீடியோ கேசட்டில் ஏன் கறுத்துக் கிடக்கிறது என்று கேட்டவளிடம் கரண்ட் போயிட்டு என்று சொல்லியிருந்தேன், அந்தப் பொய்யோடு எனக்கு முடி நரைத்தது, பெட்டிக்கடியில் கேசட்டுக்கும் வெள்ளை பூத்தது.

இப்போது அந்தக் கேசட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்ற நானும் பேச்சிக்கனியும் கடையில் உட்கார்ந்திருக்கிறோம், ஜெனோவா என்கிற அந்தப் பெண் கேசட்டை உடனே ஓட்டவில்லை, ஐந்து திருகாணிகளைக் கழற்றி, நாடாவை முழம்முழமாக இழுத்துப் பூஞ்சையைத் துடைக்கிறாள், உப்பு வாருகிற கைக்குத்தான் பதம் தெரியும் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன், அவள் விரல் அழுத்தவும் இல்லை, வழுக்கவும் இல்லை, மஞ்சள் வெள்ளை சிவப்பு வயர்கள் மூன்றைச் செருகி ஓட்டுகிறாள், கல்யாணம் ரெண்டு மணி நேரம்னா இதுவும் ரெண்டு மணி நேரம் ஓடும் அண்ணாச்சி, அவசரப்படுத்த முடியாது என்கிறாள், மேளம் வருகிறது, தாலி வருகிறது, பிறகு அந்த இருட்டு, பேச்சிக்கனி முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

எல்லாம் ஓடி முடிந்ததும் ஜெனோவா அந்த இடத்துக்கே திரும்பப் போனாள், டேப்புல பதியாதத என்னால வரைஞ்சு வைக்க முடியாதுக்கா, பதிஞ்சிருந்தா எடுத்துருவேன், என்று வெளிச்சத்தைக் கூட்ட அம்புக்குறியை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினாள், கறுப்பு சாம்பலானது, அடுப்பில் விழுந்த உப்பு மாதிரிப் புள்ளிகள் துள்ளின, அதற்குள்ளிருந்து ஒரு கை, திருநீற்றுத் தட்டு, மீசை, எப்பா, இந்த ஜெனோவாப் பிள்ளைக்கு என்ன கண்ணு, இருட்டுக்குள்ளிருந்து மாமா எழுந்து வருகிறார், பொண்ணு மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை, விளக்குப் பிடித்திருக்கிற என்னைப் பார்க்கிறார், வெளிச்சம் போன திசையைப் பார்க்கிறார், மறுபடி என்னைப் பார்க்கிறார், மீசை மெல்ல ஏறுகிறது, சிரிக்கிறார்.

ஏங்க, எங்க அய்யா ஒங்களல்லா பாக்காரு, கரண்ட் போயிட்டுன்னு சொன்னிய, என்றாள் பேச்சிக்கனி, போகல, வெளக்க ஒன் பக்கம் திருப்பிட்டேன் என்றேன், அவள் ஜெனோவா பக்கம் திரும்பி, இன்னொருக்க ஓட்டு தாயி என்றாள், மாமா திரும்பவும் சிரித்தார், இன்னொருக்க, அப்போதும் சிரித்தார், களவாணி, என்று என் தொடையில் அடித்தாள், மாமா சொல்லவேண்டியதை அவளே சொல்லிவிட்ட மாதிரி இருந்தது, மேடையில் இப்போது இருட்டில்லை, திரையின் வெளிச்சம் முழுக்க அவள்மேல், என் தோளில் ஒன்றும் இல்லை, காதோரம் மட்டும் சுடுகிறது.