துளசிமணியின் அடைப்புக்குறி

துளசிமணியின் வீட்டு அடைப்புக்குறி காலையில் ஒரு வரி முன்னதாகவே மூடிக்கொண்டது. அவள் வெளியே நின்றுவிட்டாள்.

அந்த ஊரில் ஒவ்வொரு வீடும் நகராட்சிக் கணினியில் ஒரு கோப்பு; அதில் அடைப்புக்குறிக்குள் எழுதியிருப்பதெல்லாம் வீட்டுக்குள். வீட்டுக்குள் அறைகள், அறைக்குள் சாமான்கள், சாமான்களுக்குப் பக்கத்தில் மனிதர்கள். கோப்பில் எங்கே இருக்கிறார்களோ அங்கேதான் ஆட்களும் இருக்க முடியும். கதவு திறந்துதான் கிடந்தது. துளசிமணி காலைத் தூக்கி உள்ளே வைப்பாள். கால் வாசலிலேயே இறங்கும்.

“அடுப்புல பால் இருக்குதுங்க,” என்றாள்.

குடும்பத் தலைவன் என்ற பதிவில் உள்ளேயும் வெளியேயும் போய்வரக்கூடிய கணவன் நாச்சிமுத்து, அடுப்பில் எந்தக் குமிழ் என்று தெரியாமல் எல்லாவற்றையும் திருகிவிட்டு நகராட்சிக்கு ஓடினான்.

அங்கே கோப்புகளைத் திருத்தும் ஜெசிந்தா கறுப்புத் திரையின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மவுஸ் கிடையாது. எல்லாம் தட்டச்சுக் கட்டளைதான்.

“பாதை சொல்லுங்க.”

“கடைவீதி வழியா வந்தனுங்க.”

“அந்தப் பாதை இல்லீங்க. அவங்களை வீட்டுக்குள்ள எங்க வெக்கோணும்?”

நாச்சிமுத்து யோசிக்கவேயில்லை. “சமையக்கட்டுல.”

ஜெசிந்தா தட்டினாள். அவன் செல்போன் அடித்தது. “உள்ள வந்துட்டனுங்க,” என்றாள் துளசிமணி. “ஆனா சமையக்கட்டை விட்டு வெளிய வர முடியல.”

“அப்ப ஹால்ல போடுங்க.”

மறுபடியும் போன். “டிவி முன்னால நிக்கறேன். உக்கார முடியல.”

“நாற்காலின்னு நீங்க சொல்லவேயில்லையே,” என்றாள் ஜெசிந்தா.

அடுத்த அறையின் பெயரைச் சொல்ல வாயெடுத்த நாச்சிமுத்து, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டான்.

“அவங்களுக்கு எங்க இருக்கோணுமாம்?” என்று கேட்டாள் ஜெசிந்தா.

கல்யாணமானதிலிருந்து அதைக் கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. போனில் கேட்டான். துளசிமணி சொன்னாள்:

“என்னைய எதுக்குள்ளயும் வெக்க வேண்டாங்க. வீட்டை எனக்குள்ள வெக்கச் சொல்லுங்க.”

“அப்படி முடியுங்களா?” என்று ஜெசிந்தாவிடம் கேட்டான்.

“குறியைச் சரியா மூடுனா எல்லாம் முடியும்.” ஒரே வரி அடித்தாள். திரையில் எதுவும் வரவில்லை.

“ஒண்ணுமே சொல்லலியே?”

“ஒண்ணும் சொல்லலீன்னா நடந்துருச்சுன்னு அர்த்தம்.”

திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் வெறும் மண். நடுவில் துளசிமணி முந்தானையைச் செருகிக்கொண்டு நின்றாள். அவளுக்குள்ளிருந்து குக்கர் விசிலடித்தது.

“பசிக்குது,” என்றான்.

“சோறு ஆயிருச்சு. உள்ள இருக்குது.”

நாச்சிமுத்து அவளை ஒருமுறை சுற்றிவந்தான். பிறகு தயங்கித் தயங்கி அவள் தோளில் தட்டினான்.

“யாருங்க?”

“நாந்தான்.”

“செருப்பைக் கழட்டிப் போட்டுட்டு வாங்க,” என்றாள் துளசிமணி.