ஈயம் படாத கறி

டோர்கெல் அந்தக் கோடையில் மூன்று விதமான தோட்டாப் பெட்டிகள் வாங்கினான். மூன்றிலும் இருந்தது செம்புக் குண்டு. விஷயம் காதுக்கு வந்ததும் அவன் மாமனார் ஹால்வர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏன் மாப்ளே, ஈயத்துக்கு என்ன கேடு வந்துச்சு? முப்பத்தெட்டு வருசமா ஈயத்துலதான் சுடறேன். எந்த மூஸ் மானாவது எந்திரிச்சு வந்து புகார் சொல்லிச்சா?"

"அதில்ல மாமா... கழுகுக்கு ஆகாதாம். நாம காட்டுல போட்டுட்டு வர்ற குடல்ல ஈயத்தூள் இருக்காம். அதைத் தின்னா கழுகு செத்துப் போகுதாம்."

"கழுகா? போன வருசம் உன் கோழியைத் தூக்கிட்டுப் போனப்ப அதை நீ என்னென்ன வார்த்தை சொன்னே! நான் பக்கத்துலதானே நின்னேன்!"

டோர்கெல் காது வரை சிவந்துபோனான். பாவம், குளிர்காலம் முழுக்கப் பனி வாரும் வண்டி ஓட்டுகிறவன், நேர்ச் சாலையில் போய்ப் பழகியவன். பொய் சொல்ல அவனுக்கு எங்கே வரும்? கழுகுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவன் மனைவி இல்வா முழுகாமல் இருந்தாள், அவ்வளவுதான் சங்கதி.

அதை வெளியே சொல்ல முடியாது. இதற்கு முன் இரண்டு தடவை தங்கியது, இரண்டு தடவையும் நாலாம் மாதத்தில் போய்விட்டது. முதல் தடவை ஊருக்கெல்லாம் சொன்னார்கள். ஹால்வர் மறுநாளே மரம் இழைத்துத் தொட்டில் செய்ய உட்கார்ந்தார். பிறகு அந்தத் தொட்டிலை அவரே பரணில் ஏற்றி வைக்க வேண்டி வந்தது. அன்றைக்கு அப்பாவின் முகத்தைப் பார்த்தவள் இல்வா. "அஞ்சாம் மாசம் தாண்டட்டும். அதுவரைக்கும் அப்பாகிட்ட மூச்சு விடக்கூடாது. சத்தியம் பண்ணு" என்று டோர்கெல்லிடம் வாக்கு வாங்கிக்கொண்டாள்.

வாந்தியோ நிற்கவில்லை. மீன் கூடாது, முட்டை கூடாது, பால் வாடையே ஆகவில்லை. மெல்லிசாகச் சீவிய மூஸ் கறியை வெண்ணெயில் வதக்கி, மசித்த உருளைக்கிழங்கோடும் லிங்கன் பழக் கூழோடும் சாப்பிடுவதை நினைத்தால் மட்டும் அவளுக்கு நாக்கில் நீர் ஊறியது. குளிர்பெட்டி நிறையப் போன வருடத்துக் கறி இருந்தது. எல்லாம் ஈயக் குண்டில் விழுந்தது. பேறுகால நர்ஸ் கையில் கொடுத்த தாளைக் காட்டி, "பொறக்கப்போற பிள்ளை மூளைக்கு ஆகாதும்மா, தொடாதே" என்று சொல்லிவிட்டாள். தன் வீட்டுக் குளிர்பெட்டிக்கு முன்னால் நின்று இல்வா அழுததை டோர்கெல் இரண்டு தடவை பார்த்தான்.

ஜூலைக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஜல்லிக் குழிக்குப் போனான். பழைய பிளாஸ்டிக் கேன்களில் தண்ணீர் நிரப்பி வரிசையாக வைத்து, வழக்கமான ஈயக் குண்டு ஒன்று, செம்புக் குண்டு ஒன்று சுட்டான். நின்ற குண்டுகளைத் தேடி எடுத்துவந்து, இல்வா மாவு நிறுக்கும் தராசில் வைத்தான். பதினொன்றே முக்கால் கிராம் இருந்த ஈயக் குண்டு எட்டு கிராம்தான் நின்றது. செம்பு முனையில் நான்கு இதழாக விரிந்திருந்தது, ஆனால் போன எடையே திரும்பி வந்திருந்தது.

"மிச்சம் மூணே முக்கால் கிராம் எங்க போச்சு?" என்றாள் இல்வா.

"கேன்ல."

"அது கேன் இல்லாம மூஸா இருந்திருந்தா?"

அவள் தராசைக் கழுவினாள், மறுபடியும் கழுவினாள்.

அப்புறம் தேர்வு. செம்பு ஈயத்தைவிட லேசு, அதனால் அதே எடைக்குக் குண்டு நீளமாகிவிடும். நீளமான குண்டு அவன் துப்பாக்கிக்குப் பிடிக்கவில்லை, இலக்கில் ஒன்று கிழக்கே போனது, ஒன்று மேற்கே போனது. பழைய குண்டுகளின் கசடு குழலில் படிந்திருந்தால் செம்பு மக்கர் பண்ணும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். மூன்று நாள் குழலைத் தேய்த்தான். கடைசியில் ஒன்பதே முக்கால் கிராம் குண்டு மனம் இரங்கியது. நூறு மீட்டரில் மூன்று குண்டும் ஒரு காபிக் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. டோர்கெல் ஜல்லிக் குழியில் தனியாக நின்று கைதட்டிக்கொண்டான்.

ஆனால் அவன் ஒருவன் மாறினால் போதாது. அவர்கள் குழுவில் ஏழு பேர். யார் சுட்டாலும் கறி எல்லோருக்கும் பொது. வெட்டி ஏழு குவியலாக வைப்பார்கள். ஹால்வர் குழுத் தலைவர், அவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். ஒருவர் குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்பார், ஹால்வர் பார்க்காமலே ஒரு பெயர் சொல்வார். அதுதான் பங்கு. அதில் தாட்சண்யம் கிடையாது. ஏழு துப்பாக்கியிலும் செம்பு இருந்தால்தான் இல்வாவின் தட்டுக்கு ஈயம் வராது.

ஆகஸ்டில் குறிபார்க்கும் திடலில் டோர்கெல் பேச்சை எடுத்தான். தபால்காரன் சிக்ஸ்டன் உடனே பிடித்துக்கொண்டான்.

"டேய், செம்பு ஊசி மாதிரி இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் போயிரும்டா. மூஸ் 'என்னமோ கடிச்சுதே'ன்னு சொறிஞ்சுக்கிட்டே நார்வேக்கு நடந்து போயிரும். நீ பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு பின்னாடியே போ!"

எல்லோரும் சிரித்தார்கள். ஹால்வர் மட்டும் கையை உயர்த்தினார்.

"சரி மாப்ளே. ஒரு பேச்சு. உன் செம்புல அடிச்ச மூஸ் நூறு காலடிக்குள்ள விழுந்தா நாங்க ஆறு பேரும் செம்புக்கு மாறிடறோம். நூறு தாண்டிச்சுன்னா, நான் கண்ணை மூடற வரைக்கும் இந்தக் குழுவுல செம்புங்கற சொல்லை நீ எடுக்கக்கூடாது."

டோர்கெல் கை கொடுத்தான். வேறு என்ன செய்வான்?

செப்டம்பர் முதல் திங்கட்கிழமை விடிந்தபோது புல்லெல்லாம் உறைபனி. இல்வா அவனைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டாள். அந்த ஊரில் வேட்டைக்குப் போகிறவனை வாழ்த்தக் கூடாது. வாழ்த்தினால் போச்சு, அன்றைக்கு முயல்கூடக் கண்ணில் படாது. வாயாரத் திட்டித்தான் அனுப்ப வேண்டும். இல்வா நான்கு வயதிலிருந்து அப்பாவை அப்படித்தான் அனுப்பினாள். "வேட்டை நாசமாப் போகட்டும்!" என்று அவள் கத்தினால் ஹால்வருக்கு மனம் குளிரும்.

அன்றைக்கு வண்டியைத் திருப்பியவள், ஜன்னலை இறக்கி, "டோர்கெல், பத்திரமா இரு. நல்லபடியா அமையட்டும்!" என்றாள்.

அத்தனை பேரும் சிலையானார்கள். சிக்ஸ்டன் தோளுக்குப் பின்னால் மூன்று தடவை துப்பினான். நாய்க்காரி குன்ஹில்டு தன் சாம்பல் நிற நாயின் காதைப் பொத்தினாள். இல்வா வாயில் கை வைத்துக்கொண்டு, வண்டியை முடுக்கிப் பறந்துவிட்டாள்.

"என்னடா ஆச்சு எம் பொண்ணுக்கு?" என்றார் ஹால்வர். "பொறந்ததுலேருந்து என்னைத் திட்டி அனுப்பினவ!"

"தூக்கக் கலக்கம் மாமா."

"தூக்கத்துலகூட நல்லாத் திட்டுவாளே."

காலை ஒன்பதரைக்கு நாய் குரைத்தது. டோர்கெல் சதுப்பு ஓரத்தில் நின்றிருந்தான். பிர்ச் மரங்களுக்கு நடுவே ஒரு பெரிய கடா மூஸ் வெளியே வந்து, எண்பது மீட்டரில் பக்கம் காட்டி நின்றது. அவன் இல்வாவை நினைத்தான், நினைக்காமல் இருக்க முயன்றான், அதன் தோளுக்குப் பின்னால் குறி வைத்துச் சுட்டான். கடா துள்ளவில்லை, திடுக்கிடவில்லை. அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓடியே போய்விட்டது.

'போச்சு! நார்வேதான்' என்று அவன் அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

குன்ஹில்டுவின் நாய் அதை வெகு சீக்கிரம் கண்டுபிடித்தது. கடா ஒரு மேட்டுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. குண்டு பட்டபோது கடா நின்ற இடத்திலிருந்து சிக்ஸ்டன் காலடிகளை உரக்க எண்ணிக்கொண்டே நடந்தான். "நூத்தி பதினெட்டு!"

"உன் கால் குட்டைடா!" என்று டோர்கெல் கத்தினான். "மாமா, நீங்க எண்ணுங்க!"

ஹால்வர் ஆறடி நாலு அங்குலம். அவரே நடந்தார். மருமகனுக்காகக் காலை எட்டித்தான் போட்டார், அதை எல்லோரும் பார்த்தார்கள். "நூத்தி நாலு" என்றார். "என்னால முடிஞ்சது அவ்வளவுதான் மாப்ளே."

மத்தியானம் ஹால்வரே ஒரு மூஸை ஈயத்தில் வீழ்த்தினார். அது பத்துக் காலடிகூடப் போகவில்லை. டோர்கெல் சிரிப்பது போல் முகத்தை வைத்துக்கொண்டான். உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தான்.

தோல் உரிக்கும்போது எல்லோரும் பார்த்தார்கள். ஹால்வர் சுட்டதில் முன்கால் சப்பை முழுக்க ரத்தம் கட்டிக் கறுத்து, நான்கு கிலோ நாய்க்குப் போனது. டோர்கெல் சுட்டதில் உள்ளே போன துளை, வெளியே வந்த துளை, நடுவில் சுத்தமான கறி. "ஓட்டை வரைக்கும் திங்கலாம்போலயே" என்று குன்ஹில்டு முணுமுணுத்தாள். ஆனாலும் பேச்சு பேச்சுதான்.

ஐந்து நாள் கறி தொங்கியது.

சனிக்கிழமை கொட்டகையில் நீள மேசை போட்டு வெட்டினார்கள். ஒரு முனையில் டோர்கெல்லின் மூஸ் ஏழு கூறாக இருந்தது, மறுமுனையில் ஹால்வரின் மூஸ் ஏழு கூறாக இருந்தது. இரண்டையும் கூறுக்குக் கூறு சேர்க்க வேண்டியதுதான் பாக்கி. குன்ஹில்டு ஈயக் கறியில் ஒரு கூறை இரண்டு கையாலும் வாரி எடுத்தாள். டோர்கெல் குறுக்கே கையை நீட்டினான்.

"அக்கா, கலக்காதீங்க. எனக்கு... எனக்கு என் மூஸ்லேருந்து மட்டும் ஒரு பங்கு போதும். பாதிப் பங்கு கொடுங்க. அது போதும்."

ஹால்வர் கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார்.

"நான் அடிச்சதுல என்ன தப்பு?"

"தப்பு இல்ல மாமா."

"முப்பத்தெட்டு வருசமா இந்த மேசையில எவனும் 'எனக்கு இது, உனக்கு அது'ன்னு பிரிச்சதில்ல. தோத்தவன் வாயை மூடிக்கிட்டு இருக்கணும். கழுகு, கழுகுன்னு மறுபடியும் ஆரம்பிச்சே, செருப்பால அடிப்பேன்!"

"கழுகும் இல்ல, மயிரும் இல்ல!" டோர்கெல் மேசையைத் தட்டினான். "இல்வா ஈயம் சாப்பிடக்கூடாது!"

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டது அவனுக்கே தெரிந்தது. அந்த நர்ஸின் தாளை வேட்டைக்காரர் வீடு எதுவும் பார்க்காமல் இருந்ததில்லை. யார் ஈயம் சாப்பிடக்கூடாது என்று அதில் முதல் வரியிலேயே இருக்கும். குன்ஹில்டு கையிலிருந்த கறியை அப்படியே திருப்பி வைத்துவிட்டாள்.

"அதான் அன்னிக்கு வாழ்த்தினாளா..." என்றார் ஹால்வர். பிறகு, "எத்தனை மாசம்?"

"மூணு முடியப்போகுது. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா மாமா. தொட்டிலை மறுபடியும் நீங்க..."

ஹால்வர் அவன் தோளைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கினார். "முட்டாப்பயலே! கழுகாம் கழுகு! முன்னாடியே சொல்லியிருந்தா நான் நூறு காலடியிலயே எண்ணுறதை நிறுத்தியிருப்பேனேடா!" என்று கத்தினார். பிறகு விசுக்கென்று திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டார். வழக்கமாகப் பங்கு சொல்ல நிற்கும் இடம்தான். ஆனால் அந்த அகன்ற முதுகு குலுங்கியது.

என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. சிக்ஸ்டன்தான் செருமிக்கொண்டு, செம்பு மூஸின் முதல் கூறைத் தொட்டான். "இது யாருக்கு?"

"இல்வாவுக்கு" என்றார் ஹால்வர் சுவரிடம்.

சிக்ஸ்டன் இரண்டாவதைத் தொட்டான். "இது?"

"இல்வாவுக்கு."

"சரி... இது?"

"இல்வாவுக்குன்னு சொல்றேன்ல!"

"யோவ் பெரிசு, இது கள்ள ஓட்டுய்யா!" சிக்ஸ்டன் சிரித்துக்கொண்டே நான்காவதைத் தொட்டான், ஐந்தாவதைத் தொட்டான், ஏழும் முடிந்தது. ஏழும் இல்வாவுக்குத்தான் போனது. டோர்கெல் சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"மாமா, போதும் மாமா! குளிர்பெட்டியில இடம் இல்ல!"

"அதுல இருக்கறதைத் தூக்கி வெளிய போடு!"

"அதெல்லாம் சரி," என்றாள் குன்ஹில்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு. "அப்ப நாங்க என்னத்தைத் திங்கறது?"

ஹால்வர் திரும்பினார். மூக்கு சிவந்திருந்தது, முகமெல்லாம் சிரிப்பு.

"திங்கட்கிழமைலேருந்து ஏழு துப்பாக்கியிலயும் செம்புதான். அதுவரைக்கும் என் ஈய மூஸைத் தின்னுங்க. உங்க வயித்துல என்ன பேரனா இருக்கான்?"