ரீட்டா வீட்டுத் தரை விட்ட மூச்சு

விருத்தாசலம் செராமிக் பேட்டைக்குப் பின்தெருவில், ரீட்டா வீட்டுச் சமையலறைத் தரை வருடத்துக்கு ஒரு தடவை மூச்சு விட்டது. பங்குனியில் அடுப்போரத்து விரிசலில் தொடங்கினால் ஆடி கழிகிறவரை மெதுவாக விட்டுக்கொண்டே இருக்கும். ஐப்பசி மழை விழுந்து ஊர் பச்சை பிடித்ததும், விட்டதையெல்லாம் அதே நிதானத்தில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இதில் யார் தப்பும் இல்லை. இலை மக்குவதும், வேர் மூச்சு விடுவதும், புழு தின்பதும் எல்லா மண்ணிலும் நடப்பதுதான். கம்மாபுரம் பக்கம் பூமிக்கடியில் கரியாகப் படுத்திருக்கும் ஆதிகாலத்துக் காடு தூக்கத்தில் புரள்வதால் இங்கே கொஞ்சம் பலமாகக் கேட்டது, அவ்வளவே. மத்தியானங்களில் இல்லாத மரங்களின் நிழல் சுவரில் அசையும். ரீட்டா அந்த நிழலில் பாய் விரித்துப் படுப்பாள்.

மூச்சுக் காலத்தில் அங்கே நெருப்பு நிற்காது. ரீட்டா பக்கத்து வீட்டுப் பூங்கோதையின் அடுப்பில் சமைத்துக்கொண்டாள். சுவர் தாண்டிப் போன மூச்சில் பூங்கோதையின் வெண்டைச் செடிகள் கூரைக்கு மேல் வளர்ந்ததால், அவள் ஏணி வைத்துக் காய் பறித்தாள். ரீட்டாவின் புருஷன் ஸ்டான்லிக்குத்தான் பொறுக்கவில்லை. கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் வேகவேண்டிய அவனுடைய கொல்லைச் சூளை மாதக்கணக்கில் குளிர்ந்து கிடந்தது. ரீட்டா முதல் பிள்ளையை ஏழு மாதம் சுமந்திருந்த பங்குனியில், பீங்கான்காரனுக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அவனுக்குத் தோன்றியது. "கிளேஸ் போட்ட ஜாடியில ஆசிட்டே கசியாது, காத்து எப்புடி கசியும்?" என்று, முன்கூட்டியே சுட்டுவைத்த வெள்ளைப் பீங்கான் வில்லையால் விரிசலை அடைத்து, ஓரத்தில் சிமென்ட் பூசினான்.

சூளை செக்கச்செவேலென்று எரிந்தது. மூன்று ராஜாக்களும் ஒட்டகமும் வெந்து வந்தார்கள். சுவரில் நிழல் நின்றுபோயிற்று. தெருவில் முருங்கைகள் மொட்டையாயின. பிறகு வயிற்றில் பிள்ளை அசைவதை நிறுத்தியது. ஆஸ்பத்திரியில், துடிப்பு இருக்கிறது, ஆனால் பிள்ளை எதற்கோ காத்திருக்கிறது என்றார்கள்.

வெளுத்த வெண்டைச் செடியைப் பிடுங்கிக்கொண்டு சண்டைக்கு வந்த பூங்கோதை, ரீட்டாவின் முகத்தைப் பார்த்ததும் செடியைக் கீழே போட்டாள். விஷயத்தைக் கேட்டதும் ஸ்டான்லியிடம் திரும்பினாள். "ஏண்ணே, ஒங்களுக்கு பொம்ம வேணுமா, புள்ள வேணுமா?"

"செத்த பொறும்மா, ஆட்டுக்குட்டிங்க வேவுது."

"வெந்தது போதுங்க" என்றாள் ரீட்டா. அம்மிக் குழவியை இரண்டு கையாலும் தூக்கி வில்லையின் மேல் போட்டாள்.

நெடுநேரம் அடக்கியிருந்த மூச்சு, தூங்கி எழுந்தவர் விடுவதுபோல் வெளியே வந்தது. சூளை அணைந்தது. ரீட்டாவின் புடவை உள்ளிருந்து ஒரு உதை வாங்கியதை ஸ்டான்லியே பார்த்தான்.

வைகாசியில் உபகாரமேரி பிறந்தாள். பிறந்ததும் மூச்சை வெளியே விடத் தொடங்கி, ஆடி முடிய விட்டுக்கொண்டே இருந்தாள். நர்ஸ் பார்த்துவிட்டு, நிறம் நன்றாக இருக்கவே, நலம் என்று எழுதினாள். ஐப்பசி முதல் மழையில் உள்ளே இழுத்தாள். இப்போது ஸ்கூலுக்குப் போகிறாள். மூச்சை வெளியே விடும் மாதங்களில்தான் பேசுவாள். மழைக்காலம் முழுக்க, மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு மட்டும் இருப்பாள். டீச்சர் அவளுக்கு மட்டும் வாய்ப்பாட்டுப் பரீட்சையைப் பங்குனிக்குத் தள்ளிவைக்கிறார். ஸ்டான்லி அவள் மூச்சை இழுக்கும் மாதங்களில் சூளை போடுகிறான். அன்று பாதி வெந்த ஆட்டுக்குட்டிகள்தான் வருடா வருடம் வீட்டுக் குடிலில் நிற்கின்றன.

பங்குனி பிறந்ததும் பூங்கோதை ஏணியைக் கழுவி வைத்துவிட்டு, "ஏம்மா ரீட்டா, புள்ளய செத்த எங் கொல்லைல வுடேன்" என்று குரல் கொடுப்பாள். ரீட்டா மகளுக்குத் தொப்பி போட்டு அனுப்பிவிட்டு, விரிசலோரம் பாயை விரிப்பாள்.