முகம் பொருந்தவில்லை

மெஷின் மூன்றாவது தடவையும் "முகம் பொருந்தவில்லை" என்றது. அம்மா கழுத்துத் துண்டால் மூஞ்சியை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடி போய் நின்றாள். அழுக்கு இருப்பதால்தான் ஏற்கவில்லை என்று நினைத்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் போர்வை வெளுக்கும் வேலை. பதினோரு வருஷமாகக் கைநாட்டு வைத்துவிட்டு உள்ளே போனவள். இன்றுமுதல் முகம் காட்டினால்தான் வருகை. எட்டு மணிக்குள் பதியாதவர்களுக்குப் பதில் வேறு ஆள் என்று போன வாரமே சொல்லிவிட்டார்கள். எட்டாக ஏழு நிமிஷம் இருந்தது. முதல் நாள் என்று என்னையும் துணைக்குக் கூட்டி வந்திருந்தாள்.

இந்த மெஷினுக்காக அம்மா படத்தைப் படிவத்தில் ஏற்றியது நான். வீட்டில் முதல் டிகிரிக்காரி. படிவம் என்று வந்தால் என் தலையில்தான் விழும்.

"யக்கா, இது உங்க தங்கச்சியா?" திரையைப் பார்த்து வாட்ச்மேன் சிரித்தார். "சினிமாக்காரி கணக்கா இருக்காங்களே!"

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பினார். "யாரும்மா இதை ஏத்துனது?"

"நான்தான். உங்க மெஷின்லதான் கோளாறு." சத்தமாகவே சொன்னேன்.

"ஆமா சார், அவ தப்பா ஏத்த மாட்டா. படிச்ச புள்ள," என்றாள் அம்மா.

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

என் பட்டமளிப்பு நாளில் எடுத்த படம் அது. கூடப் படித்தவர்கள் பார்ப்பார்களே என்று, ஸ்டேட்டஸில் போடுவதற்கு முன் அம்மா கன்னத்தில் கருப்பாகப் படர்ந்திருந்த மங்கு தெரியாமல் அழித்தேன். தாடையைச் சுருக்கினேன். தெத்துப்பல்லை உள்ளே தள்ளினேன். விரலால் நாலு தட்டு, அவ்வளவுதான். அதையே படிவத்திலும் ஏற்றிவிட்டேன். மாற்றிய நினைப்பே இல்லை. பழகிப்போச்சு.

"வேற போட்டோ இருக்கா?" என்றார் சூப்பர்வைசர்.

போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தேன். அம்மா படம் நூறுக்கு மேல் இருந்தது. மங்கோடு ஒன்றுகூட இல்லை.

"நான்தான் சார் மூஞ்சியை மாத்திட்டேன்."

அவர் திட்டவில்லை. திட்டித் தொலைத்திருக்கலாம். தன் போனை எடுத்து அம்மாவைச் சுவரோரம் நிறுத்தினார். அம்மா உதட்டை இழுத்துப் பல்லை மூடினாள்.

"சாதாரணமா இருங்கம்மா."

அந்தப் படத்தை ஏற்றியதும் ஒருவழியாக மெஷினில் பச்சை விளக்கு எரிந்தது. அம்மா திரையில் தெரிந்த தன் முகத்தையே பார்த்தாள்.

"ஏன்டி, இதையா மாத்துன?" கன்னத்தைத் தடவிக்கொண்டே கேட்டாள்.

இல்லை என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது.

"ஆமாம்மா."

"சரி, நேரமாச்சு," என்றாள், பல் வெளியே தெரியாமல்.