அளவாய் அமைந்த நாற்காலி

அவள் காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சு செய்பவள். வேலை அறவே பிடிக்காமல், தனக்கிருந்த கழுத்துவலியைச் சாக்காக வைத்து ராஜினாமாக் கடிதம் கொடுத்தாள். மேலாளர் பதறி, மறுநாளே இருக்கைகளைச் சரிசெய்யும் ஓர் ஆளை வரவழைத்தார். அவன், அவளுடைய முழங்கை மேசைக்குச் சமமாக வரும்படி நாற்காலியை ஏற்றி, காலுக்குப் பலகை வைத்து, திரையைக் கண்மட்டத்துக்கு உயர்த்தினான். ஒரே வாரத்தில் வலி பறந்துபோனது.

"இனி இது எதுக்கும்மா?" என்று மேலாளர் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டில் கணவனிடம் முதன்முதலாக உண்மையைச் சொன்னாள். "எனக்கு அந்த வேலையே பிடிக்கலைங்க."

"இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செஞ்சு கொடுத்திருக்காங்க. அப்புறம் என்ன?" என்று அவன் சிரித்தான்.

மறுநாள் ஒன்பது மணிக்கு அவள் தட்டத் தொடங்கினாள். எங்கேயும் வலிக்கவில்லை. கண்கள் மட்டும் கலங்கிக்கொண்டே இருந்தன.