கேழ்வரகு மூட்டைக்கு அடியில்

மலையேறும் பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் ராஜாக்கண்ணு அந்தப் பையைக் கீழே வைக்கவில்லை. மடியிலேயே வைத்துக் கட்டிக்கொண்டு வந்தான். "இன்னாய்யா, பொண்ணுக்குச் சீர் எடுத்துனு போறியா?" என்று கண்டக்டர் கிண்டலடித்தார். சீர்தான், வேறென்ன? பைக்குள் தடித்த தாளில் புள்ளி புள்ளியாக எழுத்து எழும்பி நிற்கும் பிரெய்ல் புத்தகம் இருந்தது. எழுதிப் பழக வெள்ளைத் தாள், கட்டம் போட்ட ஸ்லேட்டு, பிடி வைத்த குட்டி ஊசி எல்லாம் இருந்தன. இதை வாங்க அவன் எத்தனை நடை நடந்தான் என்று கேட்டுவிடாதீர்கள், அழுதே விடுவான்.

மகள் கவியாவுக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. அவளைப் பெற்ற தேவயானி போன வருஷம் காய்ச்சலில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அக்கம்பக்கம் இருந்த சொந்தக்காரர்களும் குடகுக்குக் காபித் தோட்ட வேலைக்குப் போய்விட்டார்கள். பேச்சுத்துணை என்றால் அவனுக்கு அவள், அவளுக்கு அவன். அவ்வளவுதான் அந்த வீடு.

மலையூர்களுக்கு வந்து பார்வையில்லாத பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பவர் வாணியம்பாடி சகிலா டீச்சர். அவர் முதல் நாளே ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

"ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள இவ எழுத்தத் தடவிப் படிக்கக் கத்துக்கிட்டான்னா, இங்கியே சேத்துடலாம்ண்ணே. நான் வந்து வந்து பாத்துக்கறேன். இல்லன்னா கீழ, பார்வ இல்லாத புள்ளைங்க ஹாஸ்டல்லதான் வுடணும்."

ஹாஸ்டல் என்றதும் ராஜாக்கண்ணு மகளை இழுத்து அணைத்துக்கொண்டான். இவளும் போய்விட்டால் அவன் யாரோடு பேசுவான், சுவரோடா? அதனால்தான் அந்தப் பையைக் குழந்தையைப் போலச் சுமந்து வந்தான்.

டீச்சர் வந்து முதல் எழுத்துகளைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். கவியா அப்படியே பிடித்துக்கொண்டாள். சாயங்காலமானால் புத்தகமும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள்.

"நைனா, இங்க ஒரே ஒரு புள்ளி கீது பாரு. இதான் அ. நீயும் தொட்டுப் பாரேன்!"

அவன் தொட்டான். புளி உலுக்கியும் மண்வெட்டி பிடித்தும் காய்த்துப்போன விரல் அது. அதற்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. "ஆமாம்மா, கீது கீது" என்று சும்மா சொல்லிவைத்தான். கண்ணுக்குத்தான் புள்ளி தெரிகிறதே, அது போதாதா என்று நினைத்துக்கொண்டான் பாவி மனுஷன்.

கோடைமழை பிடித்துக்கொண்டது. புத்தகம் நனையவில்லை. ஆனால் ஈரக்காற்றில் தாளெல்லாம் நமுத்து, ஓரம் சுருண்டு, மேடும் பள்ளமுமாகிவிட்டது. அவன் பதறிப்போனான். அந்த மலையில் பட்டாவோ ரேஷன் கார்டோ எது சுருண்டாலும் கேழ்வரகு மூட்டைக்கு அடியில் வைப்பார்கள். தானியம் ஈரத்தை இழுத்துக்கொள்ளும், பாரம் சுருக்கத்தை எடுத்துவிடும். அவனும் வைத்தான். ஒரு மூட்டை போதாதென்று மேலே இன்னொன்றையும் தூக்கி வைத்தான். அவ்வளவு அக்கறை!

வெயில் வந்ததும் எடுத்துப் பார்த்தான். தாள் புதுசு மாதிரி மழமழவென்று இருந்தது. புள்ளிகளின் தடம் கண்ணுக்கு ஒன்றுவிடாமல் தெரிந்தது. தலைகால் புரியாத சந்தோஷத்தில் மகளைக் கூப்பிட்டு மடியில் வைத்தான்.

கவியா தடவினாள். மறுபடியும் தடவினாள். பக்கத்தைப் புரட்டி அங்கேயும் தடவினாள்.

"ஒன்னுமே இல்லியே நைனா."

"நல்லாப் பாரு கண்ணு. எல்லாம் அப்பிடியே கீது. எனக்குத் தெரியுதே!"

அவள் கையை எடுத்துவிட்டாள். விரல்களைக் கன்னத்தில் தேய்த்துக்கொண்டே கேட்டாள்: "அப்போ என் வெரலுக்கும் கண்ணு பூடுச்சா நைனா?"

ராஜாக்கண்ணு எண்ணெய்க் கிண்ணத்தை எடுக்க ஓடினான். அவளுடைய விரல்களை ஒவ்வொன்றாக எண்ணெய் போட்டு நீவிவிட்டான். ஊர்ச்சாமி வேடியப்பனுக்குச் சேவல் நேர்ந்துகொண்டான். கவியாவோ அதற்குப் பிறகு எதையுமே தொடவில்லை. ஆட்டுக்குட்டியின் காதைத் தடவிப் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவள், இரண்டு கையையும் மடிக்குள் ஒளித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் தனியாகக் கிடந்தார்கள். தேவயானி செத்தபோதுகூட வீடு இப்படி ஓய்ந்து கிடந்ததில்லை.

அடுத்த முறை வந்த சகிலா டீச்சர் புத்தகத்தைத் தன் விரலால் தடவிப் பார்த்தார்.

"இத எங்கண்ணே வச்சிருந்தீங்க?"

சொன்னான். டீச்சருக்குக் கோபப்படவும் மனசு வரவில்லை. "புள்ளி மேடா இருந்தாத்தான்ண்ணே எழுத்து. நசுக்கிட்டீங்களே" என்றார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை ஸ்லேட்டில் மாட்டி, ஊசியால் குத்தி, திருப்பிப்போட்டு, மூலையிலிருந்தவளின் கையை இழுத்து அதன்மேல் வைத்தார்.

விரல் தயங்கியது, நகர்ந்தது, நின்றது.

"அ! டீச்சர், இது அ!"

எழுந்து ஓடிவந்து அப்பன் முகமெல்லாம் தடவினாள். "வெரலுக்கு ஒன்னும் ஆவல நைனா! எல்லாம் தெரியுது!" அவன் கண்ணீரையும் தொட்டுப் பார்த்துச் சிரித்தாள். அந்த ஒரு நிமிஷம் உலகத்தில் அவனைவிடக் கொடுத்துவைத்தவன் யாருமில்லை.

"ஆனா, வேற புஸ்தகம் இப்போதைக்குக் கெடைக்காதுண்ணே" என்றார் டீச்சர். "ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள வர்றது கஷ்டம். நான் வர்றப்ப குத்திக் குடுக்கற தாளு மட்டும் பத்தாது."

கவியா டீச்சர் குரல் வந்த பக்கம் திரும்பினாள். "டீச்சர், ஹாஸ்டல்ல புஸ்தகம் கீதா?"

டீச்சர் ராஜாக்கண்ணுவின் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னார். "நெறைய இருக்குது கண்ணு."

"புள்ளியெல்லாம் மேடா இருக்குமா?"

"இருக்கும்."

அவள் யோசித்தாள். "அப்போ நான் அங்கியே போறேன் நைனா. இங்க இருந்தா, மழ வந்தா நீ மறுபடியும் மூட்டய வெப்பே."

கோபமே இல்லாமல், உள்ளதைச் சொல்வதுபோல்தான் சொன்னாள். வைக்கமாட்டேன், சாமி சத்தியமா வைக்கமாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தான்.

"போய்ட்டு வா கண்ணு" என்றான்.

அவள் காதில் அது விழுந்ததா என்றே தெரியவில்லை. தாளை மடியில் விரித்துக்கொண்டு, "டீச்சர், இப்ப ஆ போடுங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.