கை கேட்காத வளைவுகள்

காரை விற்றுவிடலாம் என்று நாகலெட்சுமி சொன்னபோது சுமன் காரணம் கேட்கவில்லை. தேயிலைத் தொழிற்சாலைக்குப் போகச் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தவன், கண்ணாடியைப் பார்த்தபடியே, "சரி, ஒனக்கு எது தோதோ அப்படிச் செய்வோம்" என்றான். கேட்டிருந்தால் அவள் ஏதாவது பொய் சொல்லியிருப்பாள். அது அவனுக்கும் தெரியும்.

லிந்துலைக்கு மேலே, தோட்டத்து மருந்தகத்தை ஒட்டிய வீட்டில் இருவரும் இருந்தார்கள். நாகலெட்சுமி குடும்பநல மருத்துவமாது. தோட்டத்தில் எல்லோருக்கும் அவள் 'மிஸ்ஸி'. மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று பிரிவு பிரிவாக மலையில் சிதறிக் கிடக்கும் தொழிலாளர் லயங்களுக்கெல்லாம் போய்ப் பிள்ளைத்தாச்சிகளைப் பார்ப்பதும், பிறந்த குழந்தைகளை நிறுத்துப் பார்ப்பதும் அவள் வேலை. அதற்காகத்தான் அந்தப் பழைய வெள்ளை ஜப்பான் காரை வாங்கினார்கள். சுமனுக்குச் சிறுவயதிலேயே வலது கண்ணில் பார்வை போய்விட்டதால் அவன் ஓட்டுவதில்லை. வீட்டில் சாரதி அவள்தான்.

போன வருடம் அவளுடைய இடது மார்பில் கட்டி வந்து, கொழும்பில் ஆபரேஷன் செய்தார்கள். அக்குளில் இருந்தும் சில நிணநீர் முடிச்சுகளை எடுத்தார்கள். ஊசிகளெல்லாம் முடிந்து, முடி திரும்ப முளைத்து, அவள் வேலைக்கும் போகத் தொடங்கிவிட்டாள். இடது கைக்குச் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைக் காலையில் சுமனும் பக்கத்தில் நின்று கூடவே செய்வான். அவன் செய்யும் கோணல் விதத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே அவள் ஒருநாளும் தவறவிட்டதில்லை.

ஆனால் மழைக்காலம் தொடங்கியதிலிருந்து ஒன்று நடந்தது. மேக்கணக்குக்குப் போகும் பாதையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. அந்த வளைவுகளில் ஸ்டியரிங்கைத் திருப்ப அவளால் முடியாமல் போயிற்று. எப்போதும் அல்ல. வளைவின் தொடக்கத்தில் கை நன்றாகத்தான் கேட்கும். பாதியில் திடீரென்று பலம் விட்டுவிடும். தோளைக் கொடுத்து இழுத்தால் மறுபடி சுலபமாகும். ஒருமுறை தேயிலை லொறி எதிரே வந்தபோது கார் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கப் பார்த்தது. அன்று அவள் என்ஜினை நிறுத்திவிட்டு, இடது கையை மடியில் வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டே இருந்தாள். முன்பைவிடக் கொஞ்சம் வீங்கியிருப்பது போலவும் தெரிந்தது.

திரும்பி வந்துவிட்டது என்று நினைத்தாள். கட்டிதான் கைக்குள் இறங்கிவிட்டது. மறுபரிசோதனைக்கு நுவரெலியா கிளினிக்குக்குப் போகவேண்டிய முறை வந்தபோது, மழை என்றாள். அடுத்த முறை, தடுப்பூசி வேலை இருக்கிறது என்றாள். பிறகு மேக்கணக்குக்கு நடந்தே போக ஆரம்பித்தாள்.

காரைப் பார்க்க லிந்துலை மஃறூப் வந்தார். டவுனில் துணிக்கடை வைத்திருப்பவர். மனைவி றுக்கையா கார் பழக ஆசைப்படுகிறார் என்று கேள்விப்பட்டுச் சுமன்தான் சொல்லியிருந்தான். துணைக்குத் தலவாக்கலையில் கராஜ் வைத்திருக்கும் முஹ்ஸினையும் கூட்டி வந்திருந்தார். முஹ்ஸின் அதிகம் பேசாத இளைஞன். வந்ததும் காரைச் சுற்றி வந்து குனிந்து குனிந்து பார்த்தான்.

மஃறூப் திடகாத்திரமான மனிதர். துணிக் கட்டுகளைத் தூக்கித் தூக்கி உரமேறிய தோள். அவர் தனியாக ஏறி, துரை பங்களா வளைவு வரைக்கும் ஓட்டிப் போனார். சுமன் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தான். நாகலெட்சுமி வாசலில் நின்று, கார் போன பாதையைப் பார்க்காமல், எதிர் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கார் திரும்பி வந்தது. மஃறூப் இறங்கி, மணிக்கட்டை உதறிக்கொண்டார்.

"மிஸ்ஸி, இத நீங்கதானா ஓட்டின?"

"ஆமாங்க."

"மேல லயம் வரைக்குமா?"

"ஆமா. ஏன் கேக்குறீங்க?"

"ஸ்டியரிங் என்ன கனம் இது. அந்த வளைவுல என்ட தோளே கழண்டு போகப் பார்த்திச்சு. மொதல்லயே சொல்லியிருக்கலாமே."

அவர் குரலில் குறை இருந்தது. பழுதை மறைத்து விற்கப் பார்த்தார்கள் என்று நினைத்துவிட்டார். சுமன் அடுப்படியில் இருந்து வெளியே வந்து, "மஃறூப் நானா, அவங்களுக்கு அப்படி மறைக்கத் தெரியாதுங்க" என்றான். அதற்குள் நாகலெட்சுமி இரண்டு படி இறங்கி அவர் முன்னால் போய் நின்றாள்.

"உங்களுக்கும் கனமா இருந்துச்சா?"

"எனக்கும்னா?"

"வளைவுல பாதியில பிடிச்சுச்சா? பொறகு விட்டுச்சா?"

"அப்படித்தான். பிடிச்சிச்சு, விட்டிச்சு." மஃறூப்புக்கு இப்போது அவள் முகம் புரியவில்லை. சுமனைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் என் கையின்னு நெனச்சேன்" என்றாள் நாகலெட்சுமி. "ஆபரேஷன் செஞ்ச பக்கத்துக் கை. அதுதான் போயிருச்சின்னு."

அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. மூச்சை மட்டும் பெரிதாக இழுத்து இழுத்து விட்டாள். சுமன் ஓடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ஆள்கள் இருக்கிறார்கள் என்று பார்க்காமல் அவள் இடது கையை எடுத்துத் தன் இரண்டு கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டான். மஃறூப் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டார். "தேத்தண்ணி கொதிக்குது போல" என்றார்.

முஹ்ஸின் காரின் பொனட்டைத் திறந்தான்.

முதலில் முன் டயர்களில் காற்றுப் பார்த்தான். சரியாக இருந்தது. பவர் ஸ்டியரிங் எண்ணெய் இருக்கும் சிறிய டப்பாவைத் திறந்தான். எண்ணெய் நிரம்பி, நுரையில்லாமல் சுத்தமாக இருந்தது. பம்பைச் சுற்றும் பெல்ட்டைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தான். அதுவும் விறைப்பாகவே இருந்தது. பிறகு ஜாக்கை வைத்து, முன் சக்கரங்கள் இரண்டும் தரையைத் தொடாதபடி காரை உயர்த்தி, கட்டைகளை அண்டை கொடுத்தான். உள்ளே கையை விட்டு ஸ்டியரிங்கைத் திருப்பியவன் புருவத்தைச் சுருக்கினான்.

"சக்கரம் அந்தரத்தில இருக்கு. இப்ப விரலாலயே திரும்பணும்" என்றான். "இப்பவும் பிடிக்குது."

"பம்ப் போயிருச்சா?" என்றான் சுமன்.

"பம்ப் போனா எல்லா இடத்திலயும் ஒரே மாதிரி கனமா இருக்கும். இது வேற." முஹ்ஸின் நாகலெட்சுமியைப் பார்த்தான். "மிஸ்ஸி, நீங்க வந்து உக்காருங்க. உங்களுக்குத்தான் இந்த வண்டிட கை தெரியும். நான் கீழ ஸ்டியரிங் தண்டு மூட்டுல கை வெச்சிக்கிறன். மெதுவா திருப்புங்க. எங்க பிடிக்குதுன்னு சொல்லுங்க."

நாகலெட்சுமி எழுந்து வந்தாள். முஹ்ஸின் அவள் ஏறுவதற்கு முன்பே மிதிகட்டைகளுக்குக் கீழே தலையைக் கொடுத்துப் பார்த்து, இடத்தைக் குறித்துக்கொண்டு, காருக்கு அடியில் படுத்துவிட்டான். அவள் உட்கார்ந்து இரண்டு கைகளையும் ஸ்டியரிங்கில் வைத்தாள். மெதுவாகத் திருப்பினாள்.

"இப்ப லேசு" என்றாள். "இப்பவும் லேசு. இப்ப பிடிக்குது."

"ம். இன்னும் திருப்புங்க."

"விட்டிருச்சு. லேசு... லேசு... இப்ப மறுபடி." அவள் நிறுத்தினாள். "அரைச் சுத்துக்கு ஒரு தடவ பிடிக்குது."

அடியில் இருந்து முஹ்ஸினின் சிரிப்புச் சத்தம் கேட்டது. வந்ததிலிருந்து அவன் சிரித்தது அதுதான் முதல் தடவை. "அதான் மிஸ்ஸி. ஆள் ஆப்டுட்டாரு."

ஸ்டியரிங் தண்டு கீழே இறங்கிப் போகும் இடத்தில், அது வளைந்து திரும்புவதற்காக ஒரு மூட்டு இருக்கிறது. மழைத் தண்ணீர் படாமல் அதை மூடியிருந்த ரப்பர் உறை கிழிந்து, சேறும் ஈரமும் புகுந்து, மூட்டு துருவேறி இறுகிவிட்டது. முஹ்ஸின் வெளியே வந்து துரு ஒட்டிய விரல்களைக் காட்டினான். மூட்டு ஒரு திசையில் மடங்குகிறது, மறு திசையில் மடங்க மறுக்கிறது. அதனால்தான் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு இடத்தில் பிடித்தது.

"கொஞ்சம் எண்ணெய் அடிச்சி ஆட்டி விடுறன். லேசாகும். ஆனா அத நம்பி ஓட்ட வாணாம். மூட்ட மாத்தத்தான் வேணும். இதே கார் ஒன்னு உடைஞ்சி என்ட கராஜில கிடக்கு. அதில நல்லது இருக்கான்னு பாத்துட்டு வாறன்."

"என் கையில பிழை இல்லியே?" என்றாள் நாகலெட்சுமி.

முஹ்ஸினுக்குச் சங்கடமாகிவிட்டது. கையைத் துணியில் துடைத்தான். "கையப் பத்தி எனக்குத் தெரியாது மிஸ்ஸி. அத டாக்டருக்கிட்டக் காட்டுங்க. ஆனா இந்த ஸ்டியரிங்க இவ்வளவு நாள் திருப்பின கை, பலமில்லாத கையா இருக்க ஏலாது."

தேத்தண்ணி குடித்துவிட்டுக் கிளம்பும்போது மஃறூப் காரை ஒருமுறை பார்த்தார், அவளை ஒருமுறை பார்த்தார். "றுக்கையாவுக்கு வேற கார் பாக்குறன், மிஸ்ஸி. இத நீங்க விக்க மாட்டீங்க. எனக்கே தெரியுது" என்றார். அவள் மறுக்கவில்லை.

அன்று சாயங்காலம் மலையில் பனிமூட்டம் இறங்கியது. சுமன் துவைத்த துணிகளை உள்ளே எடுத்துக்கொண்டு வந்தான். நாகலெட்சுமி மடித்தாள்.

"ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்றான்.

"சொன்னா நெசமாயிரும்னு இருந்துச்சு." ஒரு சட்டையை எடுத்து மடித்து, பிரித்து, மறுபடி மடித்தாள். "நீங்க அப்ப ஆசுபத்திரி வராந்தாவுல நின்ன நிலைய நான் பாத்தேன். மறுபடி அப்படி நிக்க வைக்க மனசு வரல."

"நீ மேக்கணக்குக்கு நடந்து போறத நானும்தான் பாத்தேன். பைய வலது கைக்கு மாத்துறதயும் பாத்தேன்." சுமன் ஜன்னலைச் சாத்தினான். "கேக்கப் பயந்து, சரி சரின்னுகிட்டே இருந்தேன். காரை விக்கிறேன்னப்ப, எல்லாத்தையும் கழட்டி வைக்கிறியோன்னு நெனச்சேன்."

அவள் அவனைப் பார்த்தாள். "அதுக்கும் சரின்னுதானே சொன்னீங்க."

"ஆமா. முட்டாத்தனம்தான்."

அவள் மடித்த சட்டையை அவன் மடியில் எறிந்தாள். பிறகு அழுதாள். சுமன் அவள் முதுகைத் தடவியபடி, கிளினிக்குக்கு இந்த முறை தானும் வருவதாகவும், தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டதாகவும் சொன்னான். எப்போது சொன்னீர்கள் என்று கேட்டாள். இன்னும் இல்லை, நாளைக்குச் சொல்வேன் என்றான்.

மறுநாள் முஹ்ஸின் பழைய மூட்டு ஒன்றைச் சுத்தம் செய்து, பேப்பரில் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் வந்தான். ஸ்டியரிங் நேராக நிற்க வேண்டும் என்பதற்காகக் கழற்றுமுன் இரண்டு பக்கமும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டான். சுமன் டோர்ச் பிடித்தான். சரியான இடத்தில் வெளிச்சம் விழாமல் முஹ்ஸின் இரண்டு தடவை அவன் கையைப் பிடித்துத் திருப்பி வைத்தான். புது ரப்பர் உறையையும் மாட்டி முடித்ததும், சாவியை நாகலெட்சுமியிடம் கொடுத்தான்.

அவள் மேக்கணக்குப் பாதையில் ஏறினாள். முதல் வளைவில் வழக்கம்போலத் தோளை முன்னே கொடுத்தாள். ஸ்டியரிங் அத்தனை பலத்தை எதிர்பார்க்கவில்லை. கார் பாதையின் உள்பக்கத்துக்கு வெடுக்கென்று திரும்பியது. அவசரமாக நேராக்கினாள். அடுத்த வளைவில் தோளைக் கொடுக்காமல் விரல்களால் பிடித்துத் திருப்பினாள். போதுமாக இருந்தது. உச்சி லயத்தில், அவள் நடந்து வருவதைப் பார்த்துப் பழகிவிட்ட பேச்சியம்மா, நிறை மாத மகளோடு வாசலில் நின்றிருந்தாள். "மிஸ்ஸி, இன்னைக்கு வண்டியில வாறீங்க" என்றாள்.

"ஆமா பேச்சியம்மா. வண்டிக்குத்தான் மேலுக்கு முடியாம இருந்துச்சு."

நுவரெலியாவில் டாக்டர் அவள் கையை வெகுநேரம் பார்த்தார். அளந்தார், அக்குளில் அழுத்திப் பார்த்தார், ஸ்கேன் எடுக்கச் சொன்னார். ஸ்கேனைப் பார்த்துவிட்டு, புதிதாக ஒன்றும் இல்லை என்றார். லேசான வீக்கம் இருக்கிறது, நீர் தேங்குவதால் வருவது, அதற்குக் கை முழுக்க இறுக்கமான உறை போட வேண்டும், பாரம் தூக்கக் கூடாது, முறை தவறாமல் வர வேண்டும். சுமன் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "ஸ்டியரிங் திருப்பலாமா டாக்டர்?" என்று கேட்டான். தாராளமாக, என்றார் டாக்டர்.

வெளியே வந்தபோது அவர்கள் காரைச் சுற்றி வேன்கள் நெருக்கியடித்து நின்றன. அங்கே நின்ற காவலாளி, தான் எடுத்துத் தரவா என்று சிங்களத்தில் கேட்டார். நாகலெட்சுமி நன்றி சொல்லி, வேண்டாம் என்றாள். சுமன் பின்னால் போய் நின்று, "வா... வா... நில்லு... இல்ல, வா" என்று கை காட்டினான். அவள் அவனைக் கண்ணாடியில் பார்த்தாளே தவிர, அவன் சொன்ன எதையும் கேட்கவில்லை. முன்னும் பின்னுமாகப் பொறுமையாகத் திருப்பித் திருப்பி, வேன்களுக்கு நடுவிலிருந்து காரை வெளியே எடுத்தாள்.

இடது கை கொஞ்சம் வலித்தது. அது வெறும் வலியாக மட்டும் இருந்தது. கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்க, மழை வருது" என்றாள்.